நான் திருடிய பிரசவம்

நான் ஒரு முறை ஒரு பிரசவத்தைத் திருடியிருக்கிறேன். குழந்தையை இல்லை (அதற்கெல்லாம் துணிச்சல் வேண்டும்), பிரசவத்தை மட்டும். வலி, வியர்வை, நர்ஸ் திட்டியது, ஜன்னல் கம்பியைப் பிடித்துக்கொண்டு நின்றது என்று எல்லாவற்றையும் இன்னொருத்தியிடமிருந்து அள்ளிக்கொண்டு வந்து, என்னுடையது என்று சொல்லி இருபது பெண்கள் நடுவில் கடை விரித்தேன். கையும் களவுமாகப் பிடிபட்டேன். இத்தனைக்கும் நான் பள்ளிக்கூடத்தில் தமிழ் சொல்லிக்கொடுக்கும் டீச்சர். காப்பியடித்த பிள்ளைகளை வெயிலில் நிற்க வைத்தவள்.

எனக்குச் சொந்தமாகப் பிரசவம் இல்லாமல் இல்லை. இருந்தது. ஆனால் அது சபைக்குத் தேறாது.

நிறைமாதத்தில் வழக்கமான செக்கப்புக்காக நாமக்கல்லில் ஓர் ஆஸ்பத்திரிக்குப் போனேன். காலையில் சாப்பிட்ட இட்லி செரிக்காமல் வயிற்றைப் பிசைகிறது என்று நினைத்துக்கொண்டிருந்தேன். டாக்டரம்மா பார்த்துவிட்டு, "எப்பம்மா வலி எடுத்துச்சு?" என்றார். "வலிங்களா?" என்றேன். அதற்குப் பிறகு நாற்பது நிமிடம். பையன் வந்துவிட்டான். கைக்கடிகாரத்தைக் கழற்றக்கூட யாரும் சொல்லவில்லை. என் அம்மா ஃப்ளாஸ்க்கில் காபி வாங்கி வரக் கீழே போயிருந்தார். கடையில் கூட்டம். திரும்பி வந்தபோது நர்ஸ் துணியில் சுற்றிய பேரனை நீட்டினாள். ஒரு கையில் ஃப்ளாஸ்க், ஒரு கையில் பேரனுடன் அம்மா என்னைப் பார்த்து, "அதுக்குள்ளயா?" என்றார். அந்தக் குரலில் இருந்தது சந்தோஷம் இல்லை, ஏமாற்றம். பெண்ணுக்கு முதல் பிரசவம் பார்த்த தாய் என்று ஊரில் போய்ச் சொல்ல அவருக்கும் ஒன்றுமில்லாமல் செய்துவிட்டேன்.

எங்கள் பக்கத்தில் கட்டுச்சோத்து விருந்து என்று ஒன்று உண்டு. பெண் மாசமாக இருக்கும்போது ஏழிலோ ஒன்பதிலோ அவளுடைய தாய் வீட்டார் புளிச்சோறு, எலுமிச்சைச் சோறு, எள்ளுச்சோறு என்று வகைவகையாகக் கட்டிக்கொண்டு மாப்பிள்ளை வீட்டுக்கு வருவார்கள். வளையல் போட்டு, விருந்து முடித்து, பெண்ணைத் தங்கள் வீட்டுக்குக் கூட்டிப்போவார்கள். அந்த முதல் வளையலை யார் போடுவது என்பதில் யோசனை நிறைய நடக்கும். சிரமமில்லாமல் பெற்றவளாக இருக்க வேண்டும். பெற்றதைப் பறிகொடுக்காதவளாக இருக்க வேண்டும். அவளுடைய ராசி இவளுக்கும் ஒட்டிக்கொள்ளுமாம். அப்படி ஒரு தேர்வு வைத்தால் மாவட்டத்திலேயே முதல் மதிப்பெண் எனக்குத்தான். "டீச்சரக் கூப்புடுங்க, நாப்பது நிமிசம்" என்பார்கள். நானும் பட்டுப்புடவையைத் தடவிவிட்டுக்கொண்டு போய் வளையலை மாட்டுவேன்.

மரியாதை அதோடு சரி. சாப்பாடு முடிந்து ஆண்கள் வெளியே பந்தலில் உட்கார்ந்து தீவன விலையும் லாரி டயரும் பேசிக்கொண்டிருக்க, உள்ளே பெண்கள் கூடத்தில் ஜமக்காளத்தை விரித்து உட்காருவார்கள். யாராவது ஒருத்தி காலை நீட்டிக்கொண்டு, "என்ற மூத்தவன் பொறந்தப்ப இருக்குதே" என்று ஆரம்பிப்பாள். அதற்கப்புறம் அது பிரசவ வார்டுதான்.

என் மாமியார் அங்கே முடிசூடிய ராணி. நான் கல்யாணமாகி வந்த புதிதில் அவருக்கு வலி பதினெட்டு மணி நேரம். என் மகன் பிறந்த சமயத்தில் அது இருபத்துநாலு ஆகியிருந்தது. இப்போது ஒன்றரை நாள். நடுவில் வாடகைக் கார் பஞ்சரானது, அப்புறம் இரண்டு முறை பஞ்சரானது, இப்போது ஸ்டெப்னியும் இல்லை. கேட்பவர்கள் ஒருத்தரும் கணக்குக் கேட்பதில்லை. "அப்பொறம்?" என்றுதான் கேட்பார்கள். என் முறை வரும்போது மட்டும் அந்த "அப்பொறம்" வராது. "உனக்கென்ன அம்மிணி, கோழி முட்டையிட்டாப்பல பெத்துப் போட்டுட்டே" என்று சொல்லி அடுத்தவளிடம் போய்விடுவார்கள்.

எங்களுக்கு முட்டைக்கோழிப் பண்ணை இருக்கிறது. ஆகவே அனுபவத்தில் சொல்கிறேன், கோழிகூட முட்டையிட்டதும் கொக்கரிக்கும். ஷெட்டே அதிரும். எனக்கு அந்த உரிமையும் இல்லை.

சிரிப்பாக இருக்கலாம். அன்றைக்கு எனக்கு வயிறு எரிந்தது. ஏனென்றால் அந்தக் கூடத்தில் நடப்பது என்னவென்று அரைகுறையாக எனக்குப் புரிந்திருந்தது. அங்கே உட்கார்ந்திருந்த பெண்களுக்குக் காய்ச்சல் வந்தால் யாரும் ஏனென்று கேட்கமாட்டார்கள். இடுப்பு வலித்தால் "எல்லாருக்கும்தான் வலிக்குது" என்பார்கள். ஆனால் அந்த ஒரு நாள் மட்டும் அவளுக்காகக் கார் ஓடியது, மாமனார் செருப்புப் போடாமல் ஓடினார், புருஷன் அழுதான். அப்படி ஒரு நாள் இன்னொரு தடவை வராது என்று அவளுக்குத் தெரியும். அதனால் அந்த நாளையே திரும்பத் திரும்ப எடுத்துச் சொல்கிறாள். மற்றவர்கள் கேட்கிறார்கள், அவர்களுடைய நாளைச் சொல்லும் முறை வரவேண்டுமே என்று. எனக்கு அப்படி ஒரு நாளே இல்லை. வெறும் நாற்பது நிமிடம், அதுவும் இட்லி என்று நினைத்துக் கழித்துவிட்டேன்.

இனி கோகிலாக்கா. என் கணவருடைய அண்ணன் மனைவி. சொந்த ஊர் குமாரபாளையம், தறியும் சாயப்பட்டறையுமான ஊர். அதே பண்ணைத் தோட்டத்தில் எதிரெதிர் வீடு எங்களுக்கு. வேலையில் வேகம், பேச்சில் சிக்கனம். அவருக்கு ஒரே மகள், தாரணி, ஆபரேஷனில் பிறந்தவள். அதற்கு முன் ஒரு பிள்ளை பிறந்து "தங்கவில்லை" என்பது குடும்பத்தில் எல்லோருக்கும் தெரியும். தெரியும் என்றால் அந்த ஒரு வார்த்தை தெரியும். தலைப்பிரசவம் தாய் வீட்டில் என்பதால் எங்கள் வீட்டிலிருந்து யாரும் அப்போது கூட இல்லை. எல்லாம் முடிந்தபின் போய் எட்டிப் பார்த்துவிட்டு வந்தார்கள். முதல் வளையலுக்கு மட்டுமில்லை, ஐந்தாவது வளையலுக்கும் கோகிலாக்காவைக் கூப்பிடமாட்டார்கள். கூடத்தில் கதை ஆரம்பித்ததும் அவர் எழுந்து டம்ளர் கழுவப் போய்விடுவார்.

ஒரு நாள் பண்ணையில் வேலையாட்கள் கோயில் திருவிழாவுக்குப் போய்விட்டதால் முட்டை அறையில் நாங்கள் இருவரும் அட்டைகளில் முட்டை அடுக்கிக்கொண்டிருந்தோம். நான் வழக்கம்போலப் புலம்பினேன். முந்தின நாள் ஏதோ ஒரு விருந்தில் மறுபடியும் கோழிமுட்டை என்று சொல்லிவிட்டார்கள். கோகிலாக்கா சிரித்தார். அப்புறம் முட்டையைப் பார்த்துக்கொண்டே சொல்ல ஆரம்பித்தார்.

பதினேழு மணி நேரம். கணவர் ரிக்கு வண்டியோடு மத்தியப் பிரதேசத்தில் போர்வெல் போட்டுக்கொண்டிருந்தார். அம்மாவை வெளியே நிறுத்திவிட்டார்கள். படுக்க முடியாமல் ஜன்னல் கம்பியைப் பிடித்துக்கொண்டு நின்றிருக்கிறார். எதிர்மாடியில் சாயம் போட்ட நூலைக் காயப்போட்டிருந்தார்களாம், நீலத்தில். வலி வரும்போதெல்லாம் அந்த நூல் கட்டுகளை எண்ணுவார். முடிவதற்குள் வலி அடங்கிவிடும். பாதியில் ஒரு ஆள் வந்து நூலைத் திருப்பிப் போட்டுவிட்டுப் போனான், எண்ணிக்கை விட்டுப்போயிற்று என்றார். ஒரு நர்ஸ் ஆரம்பத்திலிருந்து திட்டிக்கொண்டே இருந்தாளாம். "உலகத்துல நீ ஒருத்திதான் பெக்கறியா" என்று.

"கடேசில பொறந்துது. ஒருத்தரும் ஒண்ணும் பேசலெ. சத்தமே இல்ல. அந்தத் திட்டுன நர்ஸுதான் வந்து என்ற காலப் புடிச்சுக்கிட்டு நின்னாங்க. அப்பத்தான் எனக்குத் தெரிஞ்சுது" என்றார் கோகிலாக்கா. "பையன். மூக்கு என்னோடது. இத இதுவரைக்கும் ஒருத்தருகிட்டயுஞ் சொன்னதில்ல."

நான் அழுதேன். சத்தியமாக அழுதேன். ஆனால் அழுதுகொண்டிருந்தபோதே மனதின் ஒரு மூலையில் ஒருத்தி உட்கார்ந்துகொண்டு, அடடா, என்ன மாதிரி கதை என்று சப்புக்கொட்டினாள். அவளை எனக்கு அன்றைக்கே தெரியும். கண்டிக்கவில்லை.

அதற்கு ஒரு வருஷம் கழித்து என் கணவரின் சித்தப்பா வீட்டில் ஒரு கட்டுச்சோத்து விருந்து. மருமகள் மேச்சேரிப் பெண். வேனில் வந்து இறங்கிய அவள் பக்கத்துப் பெண்கள் யாருக்கும் என்னைத் தெரியாது. நான் போய் முதல் வளையலைப் போட்டேன். எங்கள் பக்கத்துப் பெண்கள் எல்லோரும் வீட்டுக்காரர்கள் ஆயிற்றே, பரிமாறவும் பாத்திரம் எடுக்கவும் போய்விட்டார்கள். டீச்சர் என்பதால் என்னை விருந்தாளிகளோடு உட்கார வைத்துவிட்டார்கள்.

ஜமக்காளம் விரிந்தது. மேச்சேரிக்காரர்கள் லேசுப்பட்டவர்கள் இல்லை. ஒருத்திக்கு இரட்டைப் பிள்ளை, ஒருத்திக்கு மேட்டூர் பஸ்ஸிலேயே பனிக்குடம் உடைந்திருந்தது. அந்த மாசமான பெண் நடுவில் வளையல் குலுங்க உட்கார்ந்து ஒவ்வொரு வாயாகப் பார்த்துக்கொண்டிருந்தாள். பிறகு அவளுடைய அம்மா, நல்ல மனுஷி, என் பக்கம் திரும்பி, "நீங்க சொல்லுங்க டீச்சர், உங்களுக்கு எப்பிடி இருந்துது?" என்றார்.

முதல் தடவையாக ஒருவர் என்னைக் கேட்கிறார். கோழி இல்லை, முட்டை இல்லை. நான் என்ன சொல்லியிருக்க வேண்டும்? நாற்பது நிமிடம் என்று சொல்லியிருக்க வேண்டும். நான் பெருமூச்சு விட்டு, "அத ஏன் கேக்கறீங்க" என்றேன்.

இந்த "அத ஏன் கேக்கறீங்க" என்பது எங்கள் பக்கத்தில் சாதாரண வார்த்தை இல்லை. அதைச் சொன்னதும் இருபது பெண்களும் ஒரு சாண் முன்னால் நகர்ந்து உட்கார்ந்தார்கள். இனி திரும்ப முடியாது.

சொன்னேன். பதினேழு மணி நேரத்தை இருபத்திரண்டு ஆக்கினேன் (மாமியார் வீட்டுப் பழக்கம்). வெளியே மழை பெய்ய வைத்தேன். கரண்ட்டைப் பிடுங்கினேன். ஜன்னல் கம்பியைப் பிடித்துக்கொண்டு நின்றேன். எதிர்மாடியில் சாயநூல் காய்ந்தது. மழை பெய்யும்போது நூலை எவனாவது காயப்போடுவானா என்று எனக்கும் தோன்றவில்லை, அவர்களுக்கும் தோன்றவில்லை. நீலம் எடுபடாது என்று நினைத்து அதைச் சிவப்பாக மாற்றினேன். ரத்தச் சிவப்பு என்றேன். பத்தாம் வகுப்புக் கட்டுரையில் யாராவது இப்படி எழுதியிருந்தால் மதிப்பெண்ணைக் குறைத்திருப்பேன்.

என் கணவரை ரிக்கு வண்டியில் ஏற்றி மத்தியப் பிரதேசத்துக்கு அனுப்பினேன். மனிதர் திருச்செங்கோட்டைத் தாண்டினால் தலைவலி மாத்திரை கேட்பவர். "உங்களுக்குக் கோழிப்பண்ணைன்னாங்களே" என்றாள் ஒருத்தி. "அப்ப ரிக்கு, பொறவுதான் பண்ணை" என்றேன். அந்த நேரம் பார்த்து அவர் தண்ணீர் கேனைத் தூக்கிக்கொண்டு வாசற்படியில் வந்து நின்றார். பெண்டாட்டியைத் தனியாகத் தவிக்க விட்ட பாவியை இருபது ஜோடிக் கண்கள் சுட்டெரித்தன. அவர் ஏனென்று தெரியாமல் எல்லோரையும் பார்த்துச் சிரித்துவிட்டுப் போனார். "சிரிப்பப் பாரு" என்று ஒரு பாட்டி முணுமுணுத்தாள்.

நர்ஸைத் திட்ட வைத்தேன். அந்த நர்ஸே கடைசியில் வந்து என் காலைப் பிடித்துக்கொண்டாள் என்றும் சொன்னேன். ஆமாம், அதையும் எடுத்துக்கொண்டேன். அப்புறம் ஒரு கணம் நிறுத்தி, எல்லோரும் மூச்சைப் பிடித்துக்கொண்டு இருக்கிறார்கள் என்று பார்த்துக்கொண்டு, "வீல்னு ஒரு சத்தங்க. எம்பையன்" என்றேன்.

பாதிப் பேர் கண்ணைத் துடைத்தார்கள். பாட்டி என் கன்னத்தை வழித்து நெட்டி முறித்தாள். வாழ்க்கையில் எனக்குக் கிடைத்த ஒரே நல்லாசிரியர் விருது அதுதான்.

ஒரு கால் நிமிடம் அனுபவித்திருப்பேன். ஓரமாக உட்கார்ந்திருந்த ஒரு பெண், குரலில் எந்தக் கெட்ட எண்ணமும் இல்லாமல், "எந்த ஆசுபத்திரின்னு சொன்னீங்க?" என்றாள். சொல்லியிருந்தேன். மறுபடியும் சொன்னேன்.

"அதுக்கு எதுருல எங்க பட்டறதானுங்க" என்றாள். "எங்க ஊட்டுக்காரரு லாரிக்குப் பாடி கட்டறாருங்க. மேல மாடியெல்லாம் இல்லீங்க, தகரக் கூரதான். அங்க நூலு ஆரு காயப்போட்டாங்க?"

"நேர் எதுருல இல்லீங்க. சித்த தள்ளி" என்றேன்.

"சித்த தள்ளி பெட்ரோல் பங்குங்க."

"இந்தப் பக்கம்."

"இந்தப் பக்கம் எங்க கொழுந்தனாரு பட்டறைங்க."

நாமக்கல்லில் லாரிப் பட்டறை இல்லாத தெரு எது என்று யோசித்துக்கொண்டிருந்தேன். கூடத்தில் எங்கோ ஒரு மூலையில் களுக்கென்று முதல் சிரிப்பு கேட்டது. அது அப்படியே பரவத் தொடங்கியது. நானும் சேர்ந்து சிரித்து, சும்மா சொன்னேன் என்று மழுப்பித் தப்பித்திருக்கலாம். வாயைத் திறப்பதற்குள் எனக்குப் பின்னாலிருந்து ஒரு குரல் வந்தது.

"செவப்பு இல்லீங்க. நீலம்."

கோகிலாக்கா. கையில் மோர் டம்ளர்கள் அடுக்கிய தட்டு. எவ்வளவு நேரமாக நின்றிருந்தார் என்று எனக்குத் தெரியாது. மோர் ஊற்றிய டம்ளர்களின் வெளிப்பக்கம் ஈரம் காய்ந்துபோயிருந்தது, அதை மட்டும் பார்த்தேன்.

தட்டைத் தரையில் வைத்துவிட்டு அவரும் உட்கார்ந்தார். அந்தக் கூடத்தில், அந்த ஜமக்காளத்தில், அவர் உட்கார்ந்து நான் பார்த்ததே இல்லை. "அவ சொன்னதெல்லாம் நெசந்தானுங்க" என்றார். "ஆசுபத்திரிதான் வேற. கொமாரபாளையம். நின்னது நானு. எனக்குத்தான் மொதல்ல ஒரு பையன். கடேசில அழுத சத்தம்னு சொன்னா பாருங்க, அது மட்டும்..."

எல்லோருக்கும் புரிந்துவிட்டது. பிரசவக் கதை கேட்டுப் பழகிய காதுகள், மீதி என்னவென்று தெரியாமல் போகுமா? அந்தப் பெண்ணின் அம்மா கையை நீட்டி கோகிலாக்காவின் முழங்காலைத் தொட்டார். குரலை மிகவும் தாழ்த்தி, அன்பாகவே சொன்னார். "வேண்டாஞ் சாமி. வாயும் வயிறுமா புள்ள உக்காந்திருக்குது."

அந்த அம்மாவை நான் குற்றம் சொல்லமாட்டேன். அது எல்லோருக்கும் தெரிந்த வழக்கம்தான், மாசமான பெண் முன்னால் அதைப் பேசக் கூடாது. மாசமான பெண் இல்லாத நாளில் யாரும் ஜமக்காளம் விரிப்பதும் இல்லை. ஆக, கோகிலாக்காவின் கதையைச் சொல்ல ஒரு நாள் என்று எங்கள் ஊரில் ஏற்பாடே கிடையாது. பொய்யாக ஒரு அழுகையை ஒட்டி நான் சொன்னபோது கண்ணைத் துடைத்தவர்கள், அதே கதையைச் சொந்தக்காரி சொல்ல வந்ததும் முகத்தைத் திருப்பிக்கொண்டார்கள். இதை நினைத்தால் எனக்கு இன்றைக்கும் அவர்கள்மேல் கோபம் வருகிறது. அப்புறம் திருடியது நான்தானே என்று ஞாபகம் வரும், கோபம் அடங்கிவிடும்.

"ஆமாங்க" என்றார் கோகிலாக்கா. எழுந்தார். தட்டை எடுத்து ஒவ்வொருவருக்கும் மோர் கொடுத்தார். எனக்கும் கொடுத்தார். வேண்டாம் என்று சொல்லும் தகுதிகூட இல்லாமல் வாங்கிக் குடித்தேன்.

சமையற்கட்டுக்கு நான் போய்ச் சேருவதற்குள் செய்தி போய்ச் சேர்ந்திருந்தது. என் மாமியார் என்னை மேலும் கீழும் பார்த்தார். "இருபத்திரண்டு மணி நேரமா அம்மிணி?" என்றார். அவருக்கு நான் பொய் சொன்னதில் வருத்தமில்லை. அவருடைய சாதனையை நெருங்கிவிட்டதில்தான் வருத்தம் என்று நினைக்கிறேன்.

மறுநாள் முட்டை அறைக்குப் போனேன். மன்னிப்புக் கேட்க மூன்று வாக்கியங்கள் தயார் செய்து வைத்திருந்தேன் (டீச்சர் புத்தி). கோகிலாக்கா நிமிராமல் அடுக்கிக்கொண்டிருந்தார். முதல் வாக்கியத்தை ஆரம்பித்தேன். அவர் கையமர்த்தினார்.

"உங்கிட்ட எதுக்குச் சொன்னேன்னு தெரியுமா புள்ள?"

தெரியாது என்று தலையாட்டினேன். என்மேல் பிரியம், நான் படித்தவள், பக்குவமாகப் புரிந்துகொள்வேன் என்றெல்லாம் ஒரு வருஷமாக நினைத்துவைத்திருந்தேன்.

"வேற ஆருகிட்டச் சொன்னாலும் பாதியில, எனக்கும் அப்பிடித்தான்னு அவிய கதைய ஆரம்பிச்சுருவாங்க. உனக்குத்தான் சொல்றதுக்கு ஒண்ணுமே இல்லியே. கம்முனு கேப்பேன்னு நெனச்சேன்."

நாற்பது நிமிடத்தை நான் குறை என்று நினைத்துப் புலம்பிக்கொண்டிருந்தேன். அதற்காகவே ஒருத்தி என்னைத் தேடி வந்திருக்கிறாள். எனக்குக் கிடைத்த ஒரே வேலை கேட்பது. அதையும் ஒழுங்காகச் செய்யவில்லை.

"இன்னொருக்கா சொல்லுங்கக்கா" என்றேன். "இந்தத் தடவ ஒழுங்காக் கேக்கறேன்."

அவர் ஒரு அட்டையை முழுசாக அடுக்கி முடித்தார். "என்னத்தச் சொல்றது? அதான் நீ சொல்லிட்டியே" என்றார். குரலில் கோபம் இருந்திருந்தால் தாங்கியிருப்பேன். "நீ சொன்னதுல எம்பையன் அழுதான். அதுக்கு மேல எனக்குச் சொல்ல வராது. அந்த அட்டைய இப்பிடித் தள்ளு."

தள்ளினேன்.

ஆச்சு, வருஷங்கள் ஓடிவிட்டன. அந்த நாற்பது நிமிடப் பையன் இப்போது கல்லூரியில் படிக்கிறான். எங்கள் குடும்பத்தில் எந்த விசேஷமும் அந்தக் கதை இல்லாமல் நடக்காது. "டீச்சரே, நூலு என்ன கலருங்க?" என்று யாராவது ஆரம்பித்தால் போதும். என் கணவரைப் பங்காளிகள் ரிக்கு முதலாளி என்று கூப்பிடுகிறார்கள். மத்தியப் பிரதேசத்தில் மழையா என்று விசாரிக்கிறார்கள். என் மகன், "என்னப் பெத்தப்ப நான் அந்த ஆஸ்பத்திரியிலேயே இல்ல" என்பான். என் மாமியார் கதையை நன்றாகவே வளர்த்துவிட்டார். அவர் சொல்லும் கணக்கில் நான் நாற்பது மணி நேரம் என்று சொன்னேனாம், பட்டறைக்காரப் பெண் என் கையைப் பிடித்து இழுத்துக்கொண்டுபோய் ஆஸ்பத்திரிக்கு எதிரே தகரக் கூரையைக் காட்டினாளாம். எல்லோரும் விழுந்து விழுந்து சிரிப்பார்கள். நானும் சிரிப்பேன். அந்தக் கதையில் மோர் கிடையாது. கோகிலாக்கா கிடையாது. டீச்சர் ஒரு கதையைத் திருடினாள் என்பது எல்லோருக்கும் தெரியும், யாரிடமிருந்து என்று இப்போது யாரும் கேட்பதில்லை.

மூன்று மாதம் முன்னால் தாரணிக்குக் கட்டுச்சோத்து விருந்து. கோகிலாக்காவின் மகள்தான். கோகிலாக்காவே என் வீட்டுக்கு வந்து, "மொத வளையல் நீதான் போடோணும்" என்று கூப்பிட்டார். பிள்ளையைப் பறிகொடுத்த தாய் போடக் கூடாது என்று அவர் சம்பந்தி வீட்டில் யாரோ முன்கூட்டியே சொல்லியிருந்தார்களாம். போட்டேன். சாப்பாடு ஆனது. ஜமக்காளம் விரிந்தது. நூல் என்ன கலர் என்று கேட்டுச் சிரித்து ஓய்ந்தார்கள். தாரணி வளையல் கையால் தன் அம்மாவின் புடவையைப் பிடித்து இழுத்து உட்கார வைத்தாள்.

"ஏம்மா, எல்லாருஞ் சொல்றாங்க, நீ மட்டும் எந்திரிச்சுப் போயிருவியே. நான் பொறந்தப்ப எப்பிடி இருந்துது?"

"நீ ஆபரேசனு. மயக்க ஊசி போட்டுட்டாங்க. எனக்கொண்ணுந் தெரியாது."

"அண்ணனுக்கு?"

அண்ணன் என்ற வார்த்தையை அந்தக் குடும்பத்தில் யாரும் சொல்லிக் கேட்டதில்லை. கோகிலாக்கா மகளின் வளையல்களை ஒரு பக்கமாக ஒதுக்கி, மறுபடி சரிசெய்தார். பிறகு தலையை என் பக்கம் அசைத்தார்.

"அது உங்க சின்னம்மாளக் கேளு. அவ நல்லாச் சொல்லுவா."

கூடம் முழுக்கச் சிரிப்பு. என் மாமியார் முந்தானையால் கண்ணைத் துடைத்துக்கொண்டு சிரித்தார். அண்ணன் என்றது காதில் விழாத மாதிரி எல்லோருக்கும் அந்தச் சிரிப்பு வசதியாகப் போயிற்று. தாரணி மட்டும் சிரிக்கவில்லை. வயிற்றைத் தூக்கிக்கொண்டு மெதுவாக என் பக்கம் திரும்பி உட்கார்ந்து, "சொல்லுங்க சின்னம்மா" என்றாள்.

"கொழந்த பொறக்கட்டுஞ் சாமி, பொறவு சொல்றேன்" என்று சொல்லிவிட்டு எழுந்துவிட்டேன். வாயும் வயிறுமாக இருக்கிற பெண்ணிடம் சொல்லக் கூடாது என்ற அதே வழக்கம் அன்றைக்கு எனக்குக் கைகொடுத்தது.

போன வாரம் தாரணிக்குப் பெண் குழந்தை பிறந்தது. பதினோரு மணி நேரம், சுகப்பிரசவம். ஊரே போய்ப் பார்த்துவிட்டு வந்துவிட்டது. தாரணி தினமும் ஃபோன் செய்து, "எப்ப வர்றீங்க சின்னம்மா?" என்று கேட்கிறாள். தாய் வீட்டில்தான் இருக்கிறாள், எதிர் வீடு, நடந்தால் அரை நிமிடம். நான் இன்னும் போகவில்லை.